பியானோக் கேரலியல்: தனக்குத் தானே வாசித்துக்கொள்வோர் பற்றி ஓர் ஆய்வு

இசையாராய்ச்சி நூல்களில் மேடையேறி வாசித்தவருக்கு அத்தியாயம் உண்டு. இசை அமைத்தவருக்குத் தொகுதியே உண்டு. விமர்சகருக்குக்கூட அடிக்குறிப்பில் ஒரு மூலை கிடைக்கும். டிசம்பர் மாதத்து இரவில், சாப்பிட்ட தட்டுகள் தொட்டியில் அப்படியே கிடக்க, பியானோவின் மூடியைத் திறந்து யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே ‘ஜிங்கிள் பெல்ஸ்’ வாசிக்க உட்காரும் மனிதரை மட்டும் அறிஞர் உலகம் பொருட்படுத்துவதில்லை. கிறிஸ்துமஸும் பியானோவும் சேர்ந்து இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இவரும் இருக்கிறார். அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் எல்லை வகுக்க வேண்டும். ஆராதனைக்கு வாசிப்பவர் இந்த ஆய்வில் சேரமாட்டார். அவருக்குக் கடமை இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பறையில் வாசிப்பவர் சேரமாட்டார். அவருக்குச் சம்பளம் இருக்கிறது. கிரேடு தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளையும் சேராது. அதற்கு அம்மா இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல், தன் விரலால் தன் காதுக்காக வாசிப்பவர் எவரோ அவரே ‘தன்மகிழ்வு வாசிப்பாளர்’ என்க. பிறர் காதில் விழுவது அவர் தகுதியைக் கெடுக்காது. பிறர் கேட்டு மனமாரப் பாராட்டினால் கெடுக்கும். ஆனால் அந்த ஆபத்து நடைமுறையில் அரிது.

ஆய்வின் முடிபை இறுதிவரை ஒளித்துவைத்து வாசகரைக் காக்கவைப்பது நாவலாசிரியர் வேலை. ஆய்வாளர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். தன்மகிழ்வு வாசிப்பாளர் அடையும் இன்பத்துக்கும் அவர் வீட்டார் அடையும் துன்பத்துக்கும் காரணம் ஒன்றே: அந்த மெட்டு எல்லாருக்கும் தெரியும். இதை நிறுவுவதே இனி வரும் பகுதிகளின் வேலை.

கருவியிலிருந்து தொடங்குவது மரபு. ஃப்ளோரன்ஸ் நகரில் மெடிச்சிக் குடும்பத்தாரிடம் பணியில் இருந்த பார்த்தலோமேயோ கிறிஸ்டோஃபொரி, 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பியானோவைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் கோலோச்சிய ஹார்ப்சிகார்டு தந்தியை மீட்டி ஒலிப்பது. கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். கிறிஸ்டோஃபொரி மீட்டுவதை விட்டுச் சுத்தியலால் அடிக்கவைத்தார். விரலின் வேகம் அப்படியே ஒலியின் அளவானது. வாசிப்பவரின் மனநிலை சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் தெரிய வந்தது அன்றிலிருந்துதான்.

இன்றைய பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. உள்ளே இரும்புச் சட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள் முறுக்கி இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. இவை தாமாகப் பெரிய ஒலி எழுப்பிவிடாது. அடியில் உள்ள அகலமான மரப்பலகை அதிர்ந்துதான் அறையை நிறைக்கிறது. அந்த ஒலிப்பலகை ஸ்புரூஸ் மரத்தால் ஆனது. ஐரோப்பியப் பியானோக்களில் மரபாகப் பயன்பட்டுவரும் ஸ்புரூஸும், 1947 முதல் ஆஸ்லோ நகரம் ஆண்டுதோறும் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அன்பளிப்பாக அனுப்பும் கிறிஸ்துமஸ் மரமும் ஒரே வகை. எனவே பியானோ ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிறிஸ்துமஸ் மரம் படுத்துக் கிடக்கிறது. ‘சில கம்பெனிகள் அமெரிக்கச் சிட்கா ஸ்புரூஸ் போடுகின்றனவே’ எனின், அதுவும் ஸ்புரூஸே, பங்காளி மரம். மேசை, நாற்காலி, அலமாரி என்று வீட்டில் மரச்சாமான் எத்தனை இருந்தாலும், டிசம்பர் வந்ததும் ஒருவருடைய கை பியானோவைத் தேடிப் போவதன் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது இந்த ஆய்வின் துணிபு. நிரூபணம் கேட்பவர்கள் வேறு கட்டுரை படிக்கலாம்.

அதே மரம் இன்னொரு தொல்லையும் தருகிறது. குளிர்நாடுகளில் டிசம்பரில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று உலரும், ஒலிப்பலகை சுருங்கும், தந்தியின் இறுக்கம் தளர்ந்து சுருதி இறங்கும். சென்னையில் கதை நேர் எதிர்: வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் பலகை உப்பிச் சுருதி ஏறும். இரண்டு ஊரிலும் பண்டிகை நாளில் பியானோ சரியான சுருதியில் நின்றால் அது அதிர்ஷ்டம். வாசிப்பவர் தம் மீதுள்ள பழியில் ஒரு பகுதியைப் பருவநிலை மேல் ஏற்றலாம். ஆனால் விரல் பக்கத்துக் கட்டையில் போய் விழுந்ததற்கு வானிலை ஆய்வு மையம் பொறுப்பாகாது.

தன்மகிழ்வு வாசிப்பு இழிந்த செயல் அன்று என்பதற்கு முன்னோர் சான்று வேண்டுவோருக்கு ஜேன் ஆஸ்டின் போதும். சாட்டனில் வாழ்ந்த காலத்தில் அவர் பொழுது பியானோவில்தான் தொடங்கும். காலைச் சிற்றுண்டிக்கு முன்பே உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, இசையில் அவ்வளவு நாட்டமில்லாத வீட்டாரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவருடைய அண்ணன் மகள் கரோலின் எழுதிவைத்திருக்கிறார். ஆஸ்டின் வாசித்தது கேரல்கள் என்று இங்கே சொல்லவில்லை. வீட்டாரை அவர் எண்ணிப்பார்த்தார் என்பதே கருத்து. டிசம்பர் வாசிப்பாளரிடம் எளிதில் காணக் கிடைக்காத குணம் அது.

இனி மெட்டு. இதுதான் விஷயத்தின் கரு, ஆகவே சற்று நின்று பார்க்கலாம்.

‘ஜாய் டு த வேர்ல்ட்’ பாட்டின் சொற்களை ஐசக் வாட்ஸ் 1719-ல் வெளியிட்டார். இன்று உலகம் வாசிக்கும் மெட்டுக்கு உருக்கொடுத்தவர் அமெரிக்கரான லோவெல் மேசன், 1830-களில். அந்த மெட்டின் தொடக்கம் எப்படிப்பட்டது? மேல் சட்ஜத்தில் ஏறி நின்று, ஒரு சுரத்தையும் விடாமல், கீழ்ச் சட்ஜம் வரை இறங்கிவருவது. அவ்வளவுதான். மேற்கத்தியர் இதை மேஜர் ஸ்கேல் என்பர். நம்மவர் பார்வையில் அது கலப்படமற்ற சங்கராபரண அவரோகணம். (முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தபோது சங்கராபரணத்தில் செய்தது தற்செயல் அல்ல.) பியானோவில் ‘ஸி’ கட்டையில் விரல் வைத்து, வலமிருந்து இடமாக எட்டு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தால் பாட்டின் முதலடி முடிந்துவிடும். தாளம் மட்டும் கொஞ்சம் நீட்டிக் குறுக்க வேண்டும். பியானோவைத் துடைக்கும்போது துணி போகும் வழியும் இதுவே. துடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வாசிப்பாளராகிவிடும் விந்தைக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

‘ஜிங்கிள் பெல்ஸ்’ இதற்கும் ஒரு படி மேல். ஜேம்ஸ் லார்ட் பியர்பான்ட் எழுதி 1857-ல் பாஸ்டனில் அச்சான இந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே இல்லை. ஒற்றைக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஊர்சுற்றும் குஷிதான் பொருள். இவருடைய சகோதரி மகன் பிற்பாடு பெரும் வங்கியதிபரான ஜே. பி. மார்கன். தாய்மாமன் சொத்தாக மருமகனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ராயல்டியைக் கணக்கிட்டால் இன்னொரு வங்கி திறக்கலாம். நமக்கு முக்கியம், 1857-ன் அச்சுப்பிரதியில் உள்ள பல்லவியின் மெட்டு இன்று நாம் கேட்கும் மெட்டு அல்ல என்பது. பழையது கொஞ்சம் வளைந்து நெளிந்து செல்லும். வாய்க்கு வாய், கைக்குக் கை மாறியதில் தேய்ந்து, இன்றைய பல்லவி ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிட்டது: சட்ஜம் முதல் பஞ்சமம் வரை. மனிதக் கையில் விரலும் ஐந்து. கையை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் பல்லவி முடியும்வரை நகர்த்தவே வேண்டாம். பரிணாம வளர்ச்சி என்பது டார்வின் சொன்ன குருவிகளுக்கு மட்டும் உரியது அல்ல.

அஃதேல், சரணத்துக்கு என்ன செய்வது எனின், தன்மகிழ்வு வாசிப்பாளர் எவரும் சரணத்தை வாசிப்பதில்லை. பல்லவி முடிந்ததும் மறுபடி பல்லவி. இதை இலக்கணமாகவே கொள்ளலாம்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் தலையானது, ‘சைலன்ட் நைட்’. ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய கவிதைக்கு, அர்ன்ஸ்டார்ஃப் ஊர்ப் பள்ளி ஆசிரியரான ஃப்ரான்ஸ் சேவர் க்ரூபர் 1818 டிசம்பர் 24 அன்று மெட்டுப் போட்டார். அன்றிரவே சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃபின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் இருவரும் பாடினார்கள். துணைக்கருவி கிதார், வாசித்தவர் மோரே. அந்தக் கிதார் இன்று ஹாலைன் நகரில் க்ரூபர் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலயத்து ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டதால்தான் கிதார் வந்தது என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. எலிகளுக்குச் செய்யாத தொண்டுக்கு இவ்வளவு புகழ் வேறெங்கும் கிடைத்ததில்லை. பாட்டு ஊர் ஊராகப் பரவியதும் இதை ஹைடன் செய்திருப்பார், மோட்சார்ட் செய்திருப்பார் என்று ஆளுக்கொன்று பேசத் தொடங்க, 1854-ல் பெர்லின் அரசவையிலிருந்து விசாரணை வந்தது. க்ரூபர் உட்கார்ந்து, இது எங்கள் இருவர் வேலை என்று கைப்பட விளக்கம் எழுதிக்கொடுத்தார்.

பெரிய மேதையின் பெயரை எதிர்பார்த்த அரசவை, ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு உதவிப் பாதிரியாரும் சேர்ந்து முடித்த வேலை என்று அறிந்தது. இந்தச் செய்தி பியானோ ஆய்வுக்கு மிக அவசியம். ஏனெனில் இருந்த ஒரு கிதாருக்கும் இரண்டு குரலுக்கும் ஏற்றபடி அளந்து செய்யப்பட்ட மெட்டு அது. இடது கைக்கு மூன்று கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் முழுப் பாட்டையும் ஒப்பேற்றிவிடலாம். முதலில் கொஞ்சம் துள்ளலாக இருந்தது காலப்போக்கில் தாலாட்டு வேகத்துக்கு வந்துவிட்டது. அடுத்த கார்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு அந்த வேகம் தாராளமாக நேரம் தருகிறது. நேரம் போதாதவர்கள் இன்னும் மெதுவாக வாசிப்பார்கள். கேட்பவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொள்வார்.

மெட்டு இவ்வளவு எளிது என்றால், அதை எல்லாரும் அறிந்திருப்பதன் விளைவு என்ன? இங்கே அறிவியல் துணைக்கு வருகிறது. 2005-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குப் பாட்டுகளைப் போட்டு, நடுநடுவே சில விநாடிகளை வெட்டி மௌனமாக்கினார்கள். தெரியாத பாட்டானால் மௌனம் மௌனமாகவே இருந்தது. தெரிந்த பாட்டானால், ஒலி நின்ற பிறகும் மூளையின் கேள்விப் பகுதி வேலை செய்துகொண்டே இருந்தது. பாட்டு உள்ளே தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்ததாகவே கேட்டவர்கள் சொன்னார்கள்.

இதன் பொருள் என்ன? வாசிப்பாளரின் விரல் மூன்று சுரங்களைத் தவறவிட்டு, நாலாவதை நீட்டித் தேடிக்கொண்டிருக்கும்போது, அவருக்குள் முழுப் பாட்டும் அழகாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே வருவது பாதிதான். அவர் கேட்பதோ முழுவதும், தேவைப்பட்டால் வயலின்களோடும். முகத்தில் தெரியும் அந்தப் பரவசம் நடிப்பல்ல, நரம்பியல்.

ஆனால் கேள்விப் பகுதி வீட்டார் தலைக்குள்ளும் இருக்கிறது. அவர்களுக்கும் பாட்டு தெரியும். அவர்கள் மூளையும் சரியான சுரத்தை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. வருவது வேறு. புதுப் பாட்டை எவ்வளவு கெடுத்து வாசித்தாலும் ‘இதுவே இப்படித்தான் போலும்’ என்று விட்டுவிடும் ஜனம், ‘சைலன்ட் நைட்’டின் ஒரு சுரம் பிசகினால் பல்லைக் கடிக்கிறது. ஒரே அறிவு ஒருவருக்கு அமுதம், மற்றவருக்கு வேதனை. காதுக்குப் பழகாத நவீன இசை எழுதிய ஷூன்பெர்க்கை வாசித்துத் தவறு செய்பவரை அண்டைவீட்டார் கண்டுபிடிக்க முடியாது. கேரல் வாசிப்பாளருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு பரிசோதனையையும் இங்கே சேர்க்க வேண்டும். 1972-ல் டயானா டாய்ச் என்ற உளவியலாளர், ‘யாங்கி டூடில்’ மெட்டின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஸ்தாயியில் தூக்கிப்போட்டு ஒலிக்கவிட்டார். கேட்டவர்களால் அது என்ன பாட்டு என்று சொல்ல இயலவில்லை. பெயரைச் சொன்ன பிறகோ மெட்டைப் பின்தொடர முடிந்தது. இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. விரல் எங்கே போய் விழும் என்று உறுதி இல்லாதவர்கள், தொடங்கும் முன் பாட்டின் பெயரை உரக்கச் சொல்லிவிட வேண்டும். மற்றதைக் கேட்பவரின் மூளை பார்த்துக்கொள்ளும்.

தன்மகிழ்வு வாசிப்பாளர் பல திறத்தர். ஒற்றை விரலார் வலது ஆள்காட்டி விரலாலேயே டிசம்பரைக் கடப்பவர். முக்கார்டார் இடது கையில் மூன்று கார்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டையும் அதற்குள் மடக்குபவர். மீளியர் தவறு நேர்ந்த இடத்திலிருந்து தொடராமல் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே ஆரம்பிப்பவர். இவர் வீட்டில் பாட்டின் முதலடி நாய்க்கும் மனப்பாடமாகியிருக்கும்; கடைசி அடியை யாரும் கேட்டதில்லை. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவர் பெடலாரே. வலது பெடலை மிதித்தால் தந்திகளை அடக்கும் ஃபெல்ட் கட்டைகள் எல்லாம் ஒருசேர எழும்பிவிடும். அடித்த சுரமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கோயில் மண்டபத்தில் எதிரொலிப்பதுபோல் நீளும். சரியான சுரமும் தவறான சுரமும் கலந்த அந்தக் கூட்டத்தில் குற்றவாளியைத் தனியாக அடையாளம் காண முடியாது. பாட்டு தொடங்கியதும் மிதித்தவர் பாட்டு முடிந்துதான் காலை எடுப்பார்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து நகைக்கும் தேர்ந்த கலைஞர்களுக்கு இர்விங் பெர்லினை நினைவூட்டுவது கடன். ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ இவர் இயற்றியது. பிங் கிராஸ்பி 1942-ல் பதிவுசெய்த அந்தப் பாட்டின் தட்டு 5 கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்பது கின்னஸ் மதிப்பீடு. உலகில் அதிகம் விற்ற தனிப்பாட்டு என்ற இடமும் அதற்கே. இதை இயற்றியவருக்கு நொட்டேஷன் எழுதவோ படிக்கவோ வராது. பியானோவில் வாசிக்கத் தெரிந்தது ஏறக்குறைய ஒரே ஸ்கேல்தான், எஃப் ஷார்ப். கறுப்புக் கட்டைகள் ஐந்தும் அதில் வந்துவிடும். துருத்திக்கொண்டு நிற்பதால் விரலுக்கு அகப்படுவதும் சுலபம். வேறு ஸ்கேல் வேண்டுமானால்? அவர் கற்றுக்கொள்ளவில்லை. அடியில் ஒரு நெம்புகோல் வைத்த பியானோ வாங்கிக்கொண்டார். அதைத் திருப்பினால் கட்டைவரிசை பக்கவாட்டில் நகர்ந்து, அதே கட்டைக்கு வேறு தந்தி ஒலிக்கும். கை பழைய இடத்திலேயே இருக்கும், பாட்டு வேறு சுருதிக்குப் போய்விடும். நம் ஊர்க் கீபோர்டுக்காரர்கள் இன்று ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுகிறார்களே, அதேதான். அவர் வைத்திருந்த வீஸர் கம்பெனிப் பியானோ ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெட்டைத் தாளில் எழுத ஹெல்மி கிரேஸா என்ற உதவியாளர் இருந்தார். ஆக, கிறிஸ்துமஸ் பாட்டுகளின் விற்பனைச் சக்கரவர்த்தி, நம் வகைப்பாட்டில் முக்கார்டாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

மறு எல்லையில் ஃப்ரான்ஸ் லிஸ்ட். அவர் காலத்தில் அவரைவிடப் பெரிய பியானோக் கலைஞர் இல்லை என்று ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. அவரும் கிறிஸ்துமஸ் இசைக்கு வந்தார், வயது முதிர்ந்த பிறகு. ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயரிட்டுப் பன்னிரண்டு துண்டுகள் எழுதி, பேத்தி டேனியலாவுக்கு அர்ப்பணித்தார். மரத்தில் மெழுகுவத்தி ஏற்றுவதற்கென்றே அதில் ஒரு துண்டு உண்டு. முழுவதும் முதன்முதலாக வாசிக்கப்பட்டது 1881 கிறிஸ்துமஸ் அன்று, ரோமாபுரியில். பெரிய அரங்கில் அல்ல. டேனியலா தங்கியிருந்த ஹோட்டல் அறையில். அரங்குகளில் சீமாட்டிகள் மூர்ச்சைபோட வாசித்த கை, கேரல் என்று வந்ததும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தன்மகிழ்வு வாசிப்பாளர் சங்கம் என்று ஒன்று என்றாவது அமைந்தால் புரவலர் படமாக மாட்ட லிஸ்ட்டையே பரிந்துரைக்கலாம்.

சைகோவ்ஸ்கி இதையே மாதச் சந்தாவாகச் செய்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த ‘நுவெல்லிஸ்ட்’ என்ற இசைப் பத்திரிகை, 1876-ல் மாதத்துக்கு ஒரு பியானோத் துண்டு என்று அவரிடம் எழுதி வாங்கிச் சந்தாதாரர் வீட்டுக்கு அனுப்பியது. டிசம்பர் இதழில் வந்தது ‘கிறிஸ்துமஸ்’, ஒரு வால்ட்ஸ். தபாலில் வந்து விழும் தாளைப் பிரித்துத் தட்டுத்தடுமாறி வாசித்துப் பார்க்கும் வீட்டார்தாம் அதற்கு எதிர்பார்க்கப்பட்ட வாசகர்.

எந்தப் பருவத்தில் வாசிக்கலாம் என்பது இத்துறையின் தீராத வழக்கு. திருச்சபை மரபில் கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25-ல் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை. சிலர் பிப்ரவரி 2 வரை இழுப்பார்கள். டிசம்பருக்கு முன் ஒரு கேரல் சத்தம் கேட்டாலும் முகம் சுளிக்கும் தூயவாதிகள் எல்லா நாட்டிலும் உண்டு. இவர்களுக்கு ஆவணங்கள் பாதகமாக இருக்கின்றன. ‘லெட் இட் ஸ்னோ’ பாட்டை சாமி கானும் ஜூல் ஸ்டைனும் 1945 ஜூலையில், ஹாலிவுட் வெயிலில் வெந்துகொண்டு எழுதினார்கள். ‘த கிறிஸ்துமஸ் சாங்’ அதே ஆண்டுக் கோடையில் பிறந்தது. புழுக்கம் தாங்காத பாப் வெல்ஸ் குளிர்ச்சியான விஷயங்களாக நாலு வரி கிறுக்கிவைக்க, அதைப் பார்த்த மெல் டார்மே மெட்டுப் போட்டார். லீராய் ஆண்டர்சன் ‘ஸ்லே ரைட்’ இசையைத் தொடங்கியதும் 1946-ன் ஜூலை வெப்ப அலையில். பனிப்பாட்டுக்குத் தாய் வெயில். ஆகவே ஜூலையில் வாசிப்பவரே மூலத்துக்கு நெருக்கமானவர். அந்த வகையில் கத்திரி வெயிலில் சென்னையில் வாசிப்பவரை மிஞ்ச ஆளில்லை.

இனி வீட்டார் தரப்பு. அவர்கள் அஞ்சுவது தவறுக்கு மட்டும் அல்ல, திரும்பத் திரும்ப வருவதற்கும். ‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ இந்த வகையில் தனி அந்தஸ்து உடையது. உக்ரேனியரான மிக்கோலா லியொன்டோவிச் 1916-ல் பாடகர் குழுவுக்காக அமைத்த ‘ஷ்செட்ரிக்’ அது. வீடு தேடி வந்த தகைவிலான் குருவி வரப்போகும் ஆண்டின் வளத்தைச் சொல்லும் புத்தாண்டுப் பாட்டு. நியூயார்க் கார்னகி அரங்கில் 1922-ல் உக்ரேனியக் குழு பாடியது. பீட்டர் வில்ஹவுஸ்கி 1936-ல் ஆங்கிலச் சொற்கள் எழுதியபின் குருவி பறந்துபோய் மணிகள் வந்தன. பாட்டின் முதுகெலும்பு ஒரு நான்கு சுரத் துணுக்கு. அது ஏறத்தாழ முடிவுவரை நிற்காமல் சுழலும். மேலே மற்றக் குரல்கள் வந்து வந்து போகும். நாற்பது பேர் பாடினால் மெய்சிலிர்க்கும். வீட்டில் வலது கைக்கு மட்டும் பழகிய ஒருவர் வாசிக்கும்போது வந்து போக வேண்டிய குரல்கள் வருவதில்லை. துணுக்கு மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது.

கேட்பவருக்கு உண்மையில் என்னதான் வேண்டும் என்பதை 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’ கார்ட்டூன் படம் தெளிவாக்கியது. படத்தின் இசை வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் பியானோ. இன்றுவரை தன்மகிழ்வு வாசிப்பாளர் கைபார்க்கும் நோட்டுகளில் அதற்கு முதலிடம். அதில் லூசி, பீத்தோவன் பக்தனான ஷ்ரோடரிடம் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ வாசிக்கச் சொல்கிறாள். அவன் தன் பொம்மைப் பியானோவில் செம்மையாக வாசிக்கிறான். அவளுக்கு அது பாட்டாகவே படவில்லை. ஆர்கன்போல் ஒலிக்கவைத்து வாசிக்கிறான், அதுவும் இல்லை. பொறுமை இழந்து ஒற்றை விரலால் டிங் டிங் என்று தட்டுகிறான். அதுதான், அதுவேதான் என்று அவள் போடும் கூச்சலில் பையன் கவிழ்ந்துவிடுகிறான். சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 16 அன்று, ஜெமினி 6 விண்கலத்திலிருந்து வாலி ஷீரா மவுத் ஆர்கனிலும் டாம் ஸ்டாஃபோர்ட் குட்டி மணிகளிலும் அதே பாட்டை வாசித்தார்கள். விண்வெளியில் மனிதன் வாசித்த முதல் இசை அதுவே. பியானோ எடுத்துப்போக முடியாதது பாரம் காரணமாகத்தான் இருக்க வேண்டும். பூமியில் எழுந்த புகார்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வீட்டாரின் நன்மைக்காகத் தொழில்நுட்பம் செய்திருக்கும் ஏற்பாடுகள் இரண்டு. நிமிர்ந்து நிற்கும் பியானோக்கள் பலவற்றில் நடுப் பெடல் ஒரு ஃபெல்ட் துணியைச் சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவே இறக்கிவிடும். ஒலி கம்பளிக்குள் போர்த்தியதுபோல் ஆகும். டிஜிட்டல் பியானோ வந்தபின் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வெளியே சத்தமே இல்லை. கிறிஸ்டோஃபொரி காலத்திலிருந்து தேடிவந்த தனிமை கடைசியில் கிடைத்துவிட்டது என்று இங்கே ஆய்வை முடித்துவிடத் தோன்றும்.

முடிக்க முடியவில்லை. ஹெட்போன் அடக்குவது சுரத்தை மட்டுமே. கட்டைகள் கீழே போய் மோதும் டொக் டொக் சத்தம் மேசைவழி, தரைவழி அடுத்த அறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பல்லவியோ சுரமே இல்லாவிட்டாலும் தாளத்தைக் கொண்டே தெரிந்துவிடும்: இரண்டு குறில், ஒரு நெடில், மறுபடி இரண்டு குறில், ஒரு நெடில். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவருடைய மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது. மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. வாய் முணுமுணுக்கத் தொடங்குகிறது. வாசிப்பாளர் வழக்கமாகத் தடுமாறும் இடத்தில் டொக் சத்தம் நின்றுபோனதும், “பாட்டு அங்கே இல்லைங்க, இப்படி!” என்று ஈரக் கையோடு வந்து நின்று அடுத்த அடியைச் சுருதி சுத்தமாகப் பாடிக்காட்டுகிறார். ஹெட்போன் மாட்டியிருப்பவர் காதில் அது விழுவதில்லை. மீளியர் ஆதலால் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.